நகல் கிடாரின் அசல் குரல்

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், போடி மேற்கு மலையைக் குடைந்து உள்ளே ஒரு ராட்சதக் காந்தத்தை நிறுத்தத் திட்டமிட்டார்கள். ஊர் அதை நியூட்ரினோ என்ற பெயரில் அறியும். திட்டத்தின் உடம்பு முழுக்க இரும்புதான். 5.6 சென்டிமீட்டர் தடிமனுள்ள தகடுகள் அடுக்கடுக்காக, மொத்தம் 50,000 டன். அவற்றைச் சுற்றிச் செம்புச் சுருள்கள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்குள் சுமார் 1.5 டெஸ்லா காந்தப்புலம் எழும். அந்தப் புலத்தில் மியூவான் என்ற துகள் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து, வந்தது நியூட்ரினோவா, எதிர் நியூட்ரினோவா என்று பிரித்தறியலாம் என்பது கணக்கு. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மலை, காடு, புலிகளின் வழித்தடம் என்று எதிர்ப்பு வலுத்தது. 2022இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. மலை குடையப்படவில்லை. 85 டன் எடையில் ஒரு சிறிய மாதிரி மட்டும் மதுரையில் இயங்குகிறது.

அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. இரும்பு, செம்புச் சுருள், காந்தம் என்ற அதே மூன்று பொருள்களைக் கொண்டு வேலை செய்யும் இன்னொரு கருவி இருக்கிறது, தோளில் மாட்டிக்கொள்ளலாம். மின் கிடார். அதிலும் ஒரு குறிப்பிட்ட கிடார்: அமெரிக்காவில் 1950களில் பிறந்து, இருபது ஆண்டு கழித்து ஜப்பானில் நகலெடுக்கப்பட்ட ஒன்று. இந்தப் பேச்சு பொட்டிப்புரத்துக்கு அந்நியமானதும் அல்ல. தேவாரம் பக்கம் இருக்கும் பண்ணைப்புரத்தில்தான் 1943இல் இளையராஜா பிறந்தார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்து, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கி, 1976இல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைப்பதற்கு முன் பல இசையமைப்பாளர்களுக்கு கிடார் வாசித்துப் பிழைத்தவர் அவர்.

அந்த அமெரிக்க கிடாரின் பெயர் கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் செய்தார்கள். 1952இல் தங்க நிறத்தில் வந்தது, 1958இல் செர்ரிப் பழச் சிவப்பு விளிம்பில் தொடங்கி நடுவில் மஞ்சளாக வெளுக்கும் மெருகுக்கு மாறியது. விற்கவில்லை. 1960உடன் அந்த வடிவத்தையே கைவிட்டார்கள். மூன்று ஆண்டில் செய்தது ஏறத்தாழ 1,500. பிறகு எரிக் கிளாப்டன் போன்ற இங்கிலாந்து இளைஞர்கள் 1966 வாக்கில் பழைய லெஸ் பாலை எடுத்து ஆம்ப்ளிஃபயரை முழுதாகத் திருகி வாசிக்கத் தொடங்கியதும், விற்காத கிடார் வேண்டும் வேண்டும் என்றாகிவிட்டது. இன்று நல்ல நிலையிலுள்ள 1959ஆம் ஆண்டு கிடார் ஒன்றின் விலை இலட்சக்கணக்கான டாலர். ஆயிரத்து ஐந்நூறு கிடாருக்கு உலகம் முழுக்க ஆசைப்பட்டால் நகல் வராமல் என்ன செய்யும்?

நகல் எப்படி வந்தது என்று பார்ப்பதற்கு முன், எதை நகலெடுக்க வேண்டும் என்பது தெரிய வேண்டும்.

மின் கிடாரின் உடம்பு கெட்டி மரக்கட்டை. வீணையின் குடத்தைப் போலக் குடைந்த வெற்றிடம் இல்லை. ஆம்ப் இல்லாமல் மீட்டினால் பக்கத்து அறைக்குக் கேட்காது. ஒலியை எடுப்பது கம்பிகளுக்கு அடியில் பதித்திருக்கும் பிக்கப். உள்ளே ஒரு நிலைக்காந்தம். அதைச் சுற்றி 0.063 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே ஓடும் எஃகுக் கம்பியின் ஒரு சிறு பகுதியை இந்தக் காந்தம் தானே காந்தமாக்கிவிடுகிறது. மீட்டியதும் காந்தமான அந்தத் துண்டு ஆடுகிறது. சுருளின் வழியே போகும் காந்தப் பாயம் கூடுகிறது, குறைகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் இது. தடித்த ஆறாவது கம்பி நொடிக்கு 82 முறை அதிர்ந்தால், வரும் மின்சாரமும் நொடிக்கு 82 முறை ஏறி இறங்கும். அளவு சில நூறு மில்லிவோல்ட்தான்; மீதியை ஆம்ப் பார்த்துக்கொள்ளும். பொட்டிப்புரத் திட்டத்தில் மின்சாரத்தைக் கொடுத்து இரும்பைக் காந்தமாக்குகிறார்கள். கிடாரில் காந்தமான இரும்பை ஆட்டி மின்சாரம் வாங்குகிறார்கள்.

ஆகவே பிக்கப்பின் காதுக்கு இரும்பு மட்டுமே கேட்கும். வீணையில் இதைப் பொருத்தினால் சாரணியும் பஞ்சமமும் எஃகு என்பதால் பாடும். பித்தளையில் போட்ட மந்தரம் ஊமையாகிவிடும். வீணைக்கு அதிர்வைத் தொட்டு உணரும் வேறு வகை மைக் ஒட்டுவது இதனால்தான். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் ஐந்து கம்பி மின் மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்தபோது கேட்டது, பிரசன்னா மின் கிடாரில் ராகம் இழுக்கும்போது கேட்பது எல்லாம் எஃகின் அசைவு. மரத்தின் பெட்டி ஒலி அதில் நேரடியாக இல்லை.

பிக்கப் எங்கே இருக்கிறது என்பதும் குரலைத் தீர்மானிக்கும். கம்பியின் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தள்ளி ஒரு பிக்கப் இருந்தால், நான்காவது மேற்சுரம் அந்த இடத்தில் அசைவதே இல்லை, அதனால் அது பதிவாகாது. கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டிய பிக்கப் கூர்மையாகக் கத்துவதும், கழுத்துப் பக்கத்துப் பிக்கப் உருண்டையாக முனகுவதும் இந்தக் கணக்கால். சில மில்லிமீட்டர் தள்ளிப் பதித்தாலே நகல் வேறு குரலாகிவிடும்.

இனி இரைச்சல். ஆயிரக்கணக்கான சுற்றுள்ள சுருள் என்பது ஒரு நல்ல ஏரியல். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; டிரான்ஸ்ஃபார்மர், டியூப்லைட் சோக், சீரியல் செட் எல்லாம் தங்கள் காந்தப்புலத்தை அதற்குள் ஊற்றும். கம்பம் பள்ளத்தாக்கின் திருவிழா மேடைகளில் பாட்டுக்கு முன்பே ஆர்கெஸ்ட்ரா கிடாரிலிருந்து வரும் அந்த ‘ம்ம்ம்’ உறுமல் இதுதான். கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் இதற்கு 1955இல் ஒரு வழி செய்தார். ஒரு சுருளுக்குப் பதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. சுற்றும் திசை ஒன்றுக்கொன்று எதிர். காந்த முனையும் எதிர். வெளியிலிருந்து வரும் உறுமலுக்குக் காந்த முனை எதுவானாலும் ஒன்றே, அதனால் இரண்டு சுருளிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. கம்பியின் ஒலி இரண்டு முறை திருப்பப்படுவதால் ஒன்றோடொன்று சேர்ந்து வலுக்கிறது. மின் கிடாரின் வரலாற்றில் இதைவிட அழகான யோசனை எனக்குத் தெரியாது. காப்புரிமை 1959இல்தான் கிடைத்தது. அதற்குப் பிறகும் சில ஆண்டு வரை பிக்கப்பின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்ற ஒட்டுத்தாள். அந்த ஒட்டுத்தாள் உள்ள பிக்கப்புக்கு மட்டும் இன்று ஒரு புதிய கிடாரின் விலை.

அந்தப் பிக்கப்பின் காந்தம் அல்னிக்கோ. அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு சேர்ந்த கலவை. அமெரிக்க கிடாரின் நெஞ்சில் இருக்கும் இந்தப் பொருளின் பூர்வீகம் ஜப்பான். 1917இல் கோதாரோ ஹோண்டா அதுவரை இருந்தவற்றைவிட வலிய காந்த எஃகு ஒன்றைச் செய்தார். 1931இல் தோக்குஷிச்சி மிஷிமா, இரும்போடு நிக்கலும் அலுமினியமும் சேர்த்தால் அதைவிடப் பிடிவாதமான காந்தம் வருகிறது என்று கண்டார். அதில் கோபால்ட்டும் செம்பும் சேர்த்து மேம்படுத்தியதுதான் பிற்பாடு உலகெங்கும் ஒலிபெருக்கிக்குள்ளும் கிடாருக்குள்ளும் போனது. அல்னிக்கோ 5 என்ற வகையின் உள்ளே நிற்கும் காந்தப்புலம் ஏறத்தாழ 1.25 டெஸ்லா. பொட்டிப்புரத்து இரும்புக்குள் கொண்டுவரத் திட்டமிட்ட புலத்துக்கு இது அதிகம் இளைத்ததல்ல. விரல் நீளக் கட்டைக்குள், மின்சாரச் செலவே இல்லாமல். ஆகவே ஜப்பான்காரர்கள் லெஸ் பாலை நகலெடுத்தபோது, தாங்கள் கொடுத்த காந்தத்தையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்வது முழுக்கத் தமாஷ் ஆகாது.

தொடக்க கால நகல்கள் படுமோசம். 1970களின் முற்பகுதியில் வந்தவை தூரத்திலிருந்து பார்த்தால் லெஸ் பால். கிட்டப் போனால் சாயம் வெளுக்கும். அசலில் கழுத்தை உடம்பில் வெட்டிச் செருகிப் பசையிட்டிருப்பார்கள், நகலில் திருகாணியால் முடுக்கியிருப்பார்கள். அசலின் மேற்பலகை கெட்டி மேப்பிள். நகலில் ஒட்டுப்பலகையை அழுத்தி வளைத்து வைத்து, அடியில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். கடைக்கண்ணாடிக்குச் செய்த கிடார்கள் அவை. பிறகு அந்தத் தொழிற்சாலைகள் புகைப்படத்தைப் பார்த்துச் செய்வதை விட்டு, அசலைக் கையில் வைத்துக்கொண்டு அளக்கத் தொடங்கின. நாகானோ மாகாணத்து மாட்சுமோட்டோவில் 1960இல் தொடங்கிய ஃபுஜிகென், கிரெகோ என்ற பெயருக்கும் இபானெஸ் என்ற பெயருக்கும் கிடார் செய்து கொடுத்தது. யமஹாவின் ஊரான ஹமாமட்சுவிலிருந்து டோக்காய் நிறுவனம் 1978இல் ‘லெஸ் பால் ரீபார்ன்’ என்று, அதாவது மறுபிறவி எடுத்த லெஸ் பால் என்று, கொஞ்சமும் கூச்சமில்லாமல் பெயர் வைத்து ஒன்றை இறக்கியது. பெயருக்குச் சிக்கல் வரவே ‘ரீபார்ன் ஓல்ட்’ ஆனது, பிறகு ‘லவ் ராக்’ ஆனது. மாடல் எண்ணிலேயே விலை இருக்கும்: எல்எஸ் 80 என்றால் 80,000 யென்.

இந்தக் கிடார்களை எல்லாம் ‘வழக்குக் கிடார்’ என்று விற்பவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அமெரிக்க நிறுவனம் வழக்குப் போடும் அளவுக்கு நல்ல நகல் என்று அர்த்தமாம். உண்மையில் வழக்கு ஒன்றுதான். 1977இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், இபானெஸை அமெரிக்காவில் விற்ற எல்கர் நிறுவனத்தின் மேல் ஃபிலடெல்ஃபியா நீதிமன்றத்தில் போட்டது. தகராறு கிடாரின் தலைப்பகுதி வடிவத்தைப் பற்றியது. குரலைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. சமரசத்தில் முடிந்தது. டோக்காய் லவ் ராக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போட்டி நிறுவனமான ஃபெண்டர் வேறு வழியில் போனது: 1982இல் ஜப்பானிலேயே ஃபெண்டர் ஜப்பான் என்று தொடங்கி, தன் பழைய கிடார்களின் நகலை ஃபுஜிகென்னிலேயே செய்ய வைத்தது. வழக்கைவிட இது புத்திசாலித்தனம். நம் நாட்டில் இறக்குமதிக் கெடுபிடி இருந்த காலத்தில் கொல்கத்தாவின் கிவ்சன் கிடார்தான் பலருக்கு முதல் கிடார். பெயரில் ஓர் எழுத்து மட்டும் வேறு. ஜப்பான்காரர்கள் பெயரோடு நிற்காமல் காலிப்பரை எடுத்தார்கள்.

காலிப்பர் எதையெல்லாம் சொல்லும்? கம்பியின் நீளம் சுமார் 628 மில்லிமீட்டர் என்றால் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் முதலாவது, அதாவது முதல் ஃப்ரெட், 35.2 மில்லிமீட்டரில் விழ வேண்டும். அடுத்தடுத்த சுரங்களின் அதிர்வெண் 1.0595 மடங்காக ஏறுவதால், கம்பியின் நீளத்தை 17.817ஆல் வகுத்துவரும் கணக்கு இது. உடம்பின் வளைவு, கழுத்தின் சாய்வு, பிக்கப்பின் இடம் எல்லாம் அளவுதான். இவற்றில் மர்மம் எதுவும் கிடையாது, பொறுமை மட்டும் வேண்டும்.

மர்மம் என்று ரசிகர்கள் சொல்வது பிக்கப்பில் இருக்கிறது. இங்கேதான் கதை சுவையாகிறது. எந்த அசலை நகலெடுப்பது? 1950களின் கிப்சன் தொழிற்சாலையில் சுருள் சுற்றும் இயந்திரத்தை நிறுத்துவதில் துல்லியம் போதாது. ஒரு சுருளுக்கு ஏறத்தாழ 5,000 சுற்று என்பது பேச்சு. கையில் வந்தது கூடியும் குறைந்தும் இருந்தது. காந்தமும் கையிருப்பில் எது இருக்கிறதோ அது: அல்னிக்கோ 2, 3, 4, 5 எல்லாம் போட்டிருக்கிறார்கள். கம்பத்துப் பன்னீர் திராட்சை ஒரே தோட்டத்தில் குலைக்குக் குலை ருசி மாறுவதுபோல், ஒரே ஆண்டில் ஒரே கூடத்தில் செய்த பிக்கப்புகளின் மின்தடை ஏழாயிரம் ஓமிலிருந்து ஒன்பதாயிரம் ஓம் வரை விரிந்து கிடக்கிறது. இரண்டு சுருள்களின் சுற்று சமமில்லாதபோது உறுமல் முழுதாக அழியாது, ஆனால் மேற்சுரங்கள் கொஞ்சம் கூடுதலாகத் தப்பி வரும். ரசிகர்கள் உருகிப் பேசும் அந்த ‘காற்றோட்டம்’ இந்தக் குறைபாட்டின் பரிசு. அசலுக்கும் அசலுக்கும் உள்ள தூரம், நல்ல ஜப்பான் நகலுக்கும் அசலுக்கும் உள்ள தூரத்துக்குக் குறைவில்லை என்பது என் தீர்ப்பு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிக்கப் சுருளுக்கு மின்தூண்டல் உண்டு. இந்த வகைக்குச் சுமார் 4.4 ஹென்றி. ஆம்ப் வரை ஓடும் கேபிள் ஒரு மின்தேக்கி. மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். சுருளும் மின்தேக்கியும் சேர்ந்தால் ஏதோ ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு வந்தே தீரும். ஆறு மீட்டர் கேபிள், அதாவது 600 பிக்கோஃபாரட் என்றால் அந்த உச்சி ஏறத்தாழ 3,100 ஹெர்ட்ஸில் நிற்கும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி அது. கேபிளை இன்னும் மூன்று மீட்டர் நீட்டினால் உச்சி 2,500 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும்; குரல் மந்தமாகும். சில நூறு ரூபாய்க் கேபிள் செய்யும் இந்த மாற்றத்தைத் தாண்டித்தான் அறுபது ஆண்டு வயதான மரம் தன் மகிமையைக் காட்ட வேண்டும்.

காந்தம் வயதானதால் குரல் இனித்தது என்பார்கள். சும்மா கிடக்கும் அல்னிக்கோ சில பத்தாண்டுகளில் இழப்பது மிகச் சொற்பம். ஆனால் வேறு வலிய காந்தத்தை எதிர்முனையாகப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒரு நொடியில் பலம் இழக்கும். பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் அதன்மேல் ஒலிபெருக்கிக் காந்தத்தை வைத்துவிட வேண்டாம்.

மரத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கம்பியின் இரு முனையும் மரத்தில்தான் ஊன்றியிருக்கின்றன. கழுத்து தானும் அதிரும். ஒரு சுரத்தின் அதிர்வெண்ணும் கழுத்தின் அதிர்வெண்ணும் ஒத்துப்போனால் கழுத்து கம்பியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஃப்ரெட்டில் சுரம் சட்டென்று செத்துவிடும். ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர் இதைக் கருவி வைத்து அளந்து காட்டினார். அசலோ நகலோ, ஒவ்வொரு கிடாரிலும் இந்தச் செத்த இடங்கள் எங்கேயாவது இருக்கும்.

விரல் படும் பலகைக்கு அசலில் போட்டது பிரேசில் ரோஸ்வுட். ஜப்பானின் விலையுயர்ந்த நகல்கள் சிலவும் அதையே போட்டன. மற்றவற்றில் பெரும்பாலும் வந்து உட்கார்ந்தது இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். அமெரிக்க நிறுவனங்களே 1960களின் நடுவிலிருந்து இதற்கு மாறத் தொடங்கின. 1992இல் பிரேசில் மரத்தின் உலக வணிகத்துக்குக் கிட்டத்தட்ட முழுத்தடை வந்தது. 2017இல் ஈட்டி இனம் முழுவதுக்கும் கட்டுப்பாடு வந்தபோது கிடார்காரர்கள் விமான நிலையங்களில் அனுமதிச் சீட்டோடு அலைந்தார்கள். 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் பட்டா நிலத்து ஈட்டி மரத்தை வெட்டுவதற்கே அனுமதி கேட்கச் சொன்ன சட்டம் 1994இல் வந்தது. உலகத்தின் எத்தனையோ கிடார்களுக்கு விரல் பலகை கொடுத்த மலை இது என்பதை நம் ஊரில் யாரும் பேசிக் கேட்டதில்லை. குரலில் இரண்டு ரோஸ்வுட்டுக்கும் வேறுபாடு கேட்கிறது என்பவர்களைக் கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்கச் சொல்ல வேண்டும் என்பேன்.

1978க்கும் 1985க்கும் இடையில் ஜப்பானில் செய்த அந்த நகல்களே இப்போது பழம்பொருள் ஆகிவிட்டன. அன்று மாணவர்களுக்கு விற்ற கிடாருக்கு இன்று பல மடங்கு விலை. தலையில் கிப்சன் பெயரை ஒட்டி அசலாக விற்கும் திருட்டும் நடக்கிறது. அப்படி ஒரு பழைய ஜப்பான் கிடார் உங்களிடம் விலைக்கு வந்தால், கதையைக் கேட்பதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை எடுத்துப் போங்கள். கிடாரில் கேபிளைச் சொருகி, வால்யூமை முழுதாகத் திருகி, சுவிட்சை ஒரு பிக்கப்புக்கு மட்டும் தள்ளி, கேபிளின் மறுமுனையில் மின்தடையைப் பாருங்கள். ஏழாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் இடையில் காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. பல இலட்சம் ஓம் காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டி, சுரம் எங்கே சாகிறது என்று காதால் கேளுங்கள். தலையில் எழுதியிருக்கும் பெயரைக் கடைசியாகப் படித்தால் போதும்.